உடற்கல்விப் பட்டம் படிக்கப் போகிறவருக்கு

"மாவட்ட அளவில் கபடி ஆடியிருக்கிறேன். அதனால் உடற்கல்வி படிக்கலாம் என்றிருக்கிறேன்." ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். காரணம் தப்பில்லை, ஆனால் அது பாதிக் காரணம்தான். நன்றாக ஆடுகிறவர் தன் ஆட்டத்தை வளர்த்துக்கொள்ள விளையாட்டு விடுதி இருக்கிறது, பயிற்சி மையம் இருக்கிறது, கிளப் இருக்கிறது. உடற்கல்விப் பட்டம், ஆடத் தெரியாதவர்களையும் ஆட விருப்பமில்லாதவர்களையும் ஆட வைப்பதற்கானது. பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் பையன், "உடம்பு சரியில்லை சார்" என்று வாரம் தவறாமல் சொல்லும் பெண், நாலு அடி ஓடினால் மூச்சு வாங்கும் பிள்ளை, இவர்களிடம்தான் நாளைக்கு உங்களுக்கு வேலை. பள்ளி அணியில் இருக்கிறவர்கள் நீங்கள் இல்லாவிட்டாலும் ஒரு பந்தைத் தேடி எடுத்து ஆடிக்கொள்வார்கள்.

இந்த வேலை பிடிக்கும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

பட்டங்களின் பெயர்கள்

இந்தத் துறையில் முதலில் தடுக்கி விழுகிற இடம் பட்டங்களின் பெயர்தான். பி.பி.இ.எஸ்., பி.எஸ்சி. உடற்கல்வி, பி.பி.எட்., டி.பி.எட்., எம்.பி.எட். என்று எல்லாம் ஒன்றுபோலவே காதில் விழும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வாசலைத் திறப்பது.

பி.பி.இ.எஸ். மூன்றாண்டு இளங்கலைப் பட்டம்; ப்ளஸ் டூ முடித்தவுடன் சேரலாம். சென்னையில் சில கலை அறிவியல் கல்லூரிகளில் 'உடற்கல்வி, சுகாதாரக் கல்வி மற்றும் விளையாட்டு' என்ற பெயரில் பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது. அதுவும் இதே வகைதான். இவை பாடத்தைக் கற்றுத் தருகிற பட்டங்கள். ஆசிரியர் வேலைக்குப் பெரும்பாலும் இவை மட்டும் போதாது. ஆசிரியராக விரும்புகிறவர்கள் பொதுவாகப் படிப்பது பி.பி.எட். அது ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் முடித்த பிறகு படிப்பது. முன்பு ஓராண்டாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு இரண்டாண்டு, நான்கு செமஸ்டர் ஆகிவிட்டது. டி.பி.எட். என்பது ப்ளஸ் டூவுக்குப் பிறகான இரண்டாண்டுப் பட்டயம். எம்.பி.எட். முதுகலை; அதுவும் இரண்டாண்டு.

பி.பி.எட். சேர இளங்கலையில் 50 சதவீத மதிப்பெண்ணும், அங்கீகரிக்கப்பட்ட போட்டி ஒன்றில் பங்கேற்ற சான்றும் கேட்பார்கள். இளங்கலையிலேயே உடற்கல்வி படித்திருந்தால் 45 சதவீதம் போதும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. வேதியியலோ தமிழோ படித்தவரும் கல்லூரி அணியில் ஆடியிருந்தால் வரலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. என் கருத்தைக் கேட்டால், வேறொரு பாடத்தில் இளங்கலை முடித்துவிட்டு பி.பி.எட். வருகிறவருக்குக் கையில் இரண்டு கயிறு இருக்கிறது. உடற்கல்விப் பணியிடங்கள் எப்போதாவதுதான் அறிவிக்கப்படுகின்றன. அதுவரை சும்மா இருக்க முடியாத குடும்பத்துப் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

எங்கே படிப்பது என்பதில் தமிழ்நாட்டுக்குக் குறையில்லை. சென்னை நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்தத் துறைக்கான முதல் கல்லூரி இது என்பார்கள். பக் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில். 1891இல் கூடைப்பந்து பிறந்த அதே கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகவும் போய்வந்தார். நூறாண்டுக்கு முந்தைய ஒரு கல்லூரி நம் ஊரில் இருந்தும், உடற்கல்வியை இன்னும் 'மார்க் எடுக்காதவன் போகிற படிப்பு' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி, கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி கல்லூரி, திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் கல்லூரி ஆகியவையும் பெயர் பெற்றவை. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2004இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கிறது. வெளிமாநிலம் போகலாம் என்பவர்கள் 1957இல் தொடங்கிய குவாலியர் லட்சுமிபாய் நிறுவனத்தையும் திருவனந்தபுரம் காரியவட்டத்து லட்சுமிபாய் கல்லூரியையும் பார்க்கலாம்.

கல்லூரியின் பெயரைவிட முக்கியமானது அங்கீகாரம். பி.பி.எட்., எம்.பி.எட்., டி.பி.எட். மூன்றுக்கும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். பல்கலைக்கழக இணைப்பு மட்டும் போதாது. சேர்க்கை அலுவலகத்தில் அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். அதில் எந்தப் படிப்புக்கு, எத்தனை இடங்களுக்கு என்று எழுதியிருக்கும். காட்டத் தயங்கினால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள். அங்கீகாரம் இல்லாமல் வாங்கிய பட்டம் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் செல்லாது என்று தெரியவரும்போது இரண்டாண்டும் கட்டணமும் போயிருக்கும்.

சேர்க்கைத் தேர்வு

விண்ணப்பித்ததும் மைதானத்துக்கு அழைப்பார்கள். பெரும்பாலும் நூறு மீட்டர் ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல், பிறகு நீங்கள் சொல்லும் ஒரு விளையாட்டில் திறன் சோதனை. இத்துடன் விளையாட்டுச் சான்றிதழ்களுக்கும் மதிப்பெண் உண்டு. மார்ச் வரை பொதுத்தேர்வுக்கு உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டு ஜூனில் நேராக வந்து ஓடுகிற பிள்ளைகளுக்குத் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்வதை எந்தச் சேர்க்கையிலும் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு முன்பே மெதுவாகத் தொடங்குங்கள்.

சான்றிதழ்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பை, பதக்கம், பத்திரிகையில் வந்த படம் இவற்றுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. அரசு வேலைவாய்ப்பின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்பது குறிப்பிட்ட படிவங்களை. நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு ஃபார்ம் 3, தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவருக்கு ஃபார்ம் 4. இவற்றில் உரிய அதிகாரியின் கையெழுத்தைப் போட்டி முடிந்த சூட்டிலேயே வாங்கிவிட வேண்டும். சங்கத்தில் செயலாளர் மாறிய பிறகு நான்காண்டுக்கு முந்தைய ஆட்டத்துக்கு ஃபார்ம் வாங்க அலைவது பெரும்பாடு.

வகுப்பறையும் சுண்ணாம்புத் தூளும்

உள்ளே போனதும் பலருக்கு ஏமாற்றம் வரும். காலை ஐந்தரைக்கு மைதானம் உண்டு, சரி. ஆனால் பத்து மணிக்கு உடற்கூறியல் வகுப்பில் 206 எலும்புகளின் பெயரும் கேட்பார்கள். உடலியங்கியல், இயக்கவியல், விளையாட்டு உளவியல், சோதனையும் அளவீடும், சுகாதாரக் கல்வி, நிர்வாகம், கடைசியில் ஆராய்ச்சிமுறையும் புள்ளியியலும். ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்கள் முதல் செமஸ்டரில் திணறுவார்கள். விடுமுறையிலேயே பதினோராம் வகுப்பு உயிரியல் பாடப்புத்தகத்தில் எலும்பு, தசை, இதயம், மூச்சு மண்டலம் பற்றிய பாடங்களைப் படித்துவிட்டு வந்தால் இந்தத் திணறல் பெருமளவு குறையும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவது நல்லது. பாடம் தமிழிலும் எழுதலாம் என்கிற கல்லூரிகளிலும் வகுப்பில் காதில் விழுவது ஆங்கிலச் சொல்தான்.

மாணவர்கள் அதிகம் பயப்படுவது ட்ராக் மார்க்கிங்குக்கு. எனக்கு இந்தப் படிப்பிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சர்வதேச அளவுத் தடம் 400 மீட்டர். ஆனால் நீங்கள் வேலை பார்க்கப்போகும் பள்ளியில் அதற்கு இடம் இருக்காது. 200 மீட்டர் போட்டால் பெரிது. இருபுறமும் 40 மீட்டர் நேர்ப்பகுதி என்று வைத்துக்கொள்வோம். மீதி 120 மீட்டர் இரண்டு அரைவட்டங்களில் வரவேண்டும். அதை 2π ஆல் வகுத்தால் 19.10 மீட்டர் கிடைக்கும். அது ஓடுகிறவரின் கால் படும் பாதையின் ஆரம், கல்லூரியில் ஆர்.டி.ஆர். என்பார்கள். யாரும் கோட்டின் மேலேயே ஓட மாட்டார்கள் அல்லவா? உள்விளிம்பில் கட்டை இருந்தால் 30 செ.மீ. தள்ளி ஓடுவதாகக் கணக்கு. அதனால் கயிறு பிடித்துக் கோடு போட வேண்டிய ஆரம் 18.80 மீட்டர், அது சி.டி.ஆர். வெறும் கோடு மட்டும் என்றால் 20 செ.மீ.தான் கழிக்க வேண்டும். ஒரு லேன் அகலம் 1.22 மீட்டர். ஆறு லேன் போட்டால் தடத்துக்கு ஏறத்தாழ 93க்கு 53 மீட்டர் இடம் வேண்டும். மைதானத்தை அளந்து பார்த்துவிட்டு, இடம் பத்தாவிட்டால் நேர்ப்பகுதியையும் ஆரத்தையும் மாற்றி மறுபடி கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது ஸ்டேகர். முழுச் சுற்று ஓடும் போட்டியில் வெளிலேன்காரரை முன்னால் நிறுத்துகிறோமே, அந்த இடைவெளி. உள்கட்டை உள்ள தடத்தில் இரண்டாவது லேனுக்கு 7.04 மீட்டர், மூன்றாவதற்கு 14.70 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீட்டர் கூடிக்கொண்டே போகும். இதில் அழகு என்னவென்றால், தடம் 200 மீட்டரானாலும் 400 மீட்டரானாலும் ஒரு முழுச் சுற்றுக்கு இந்த எண்கள் மாறாது. ஆரம் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது, லேன் அகலம் மட்டுமே மிஞ்சுகிறது. எட்டாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு படித்தவர் யாரும் இதைப் புரிந்துகொள்ளலாம். புரிந்துகொண்டவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் ஸ்டேகர் தெரியாமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோட்டில் நிறுத்திச் சுற்றோட்டம் நடத்தும் பள்ளிகள் இன்னும் உண்டு. ஆறாவது லேன் குழந்தை கிட்டத்தட்ட 38 மீட்டர் அதிகமாக ஓடித் தோற்றுவிட்டு அழுதுகொண்டு போகும்.

செங்கோணம் பிடிக்க மூன்று, நான்கு, ஐந்து மீட்டர் என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு முக்கோணம் வைத்தால் போதும். வீடு கட்ட மூலைமட்டம் பார்க்கும் கொத்தனாருக்கு இது தெரியும், அவரிடமே கற்றுக்கொள்ளலாம். கோடு போடும்போது கண்ணில் சுண்ணாம்பு பட்டால் புண்ணாகும். காற்றுக்கு எதிரே நின்று தூவக் கூடாது, பிள்ளைகளை வைத்துத் தூவச் சொல்லவும் கூடாது.

போட்டி அட்டவணை போடுவதும் இதேபோல எளிய கணக்குதான். நாக்-அவுட் முறையில் 11 அணிகள் வந்தால் மொத்தம் 10 ஆட்டம். அடுத்த இரண்டின் அடுக்கு 16 என்பதால் 5 அணிகளுக்கு 'பை' கொடுக்க வேண்டும், அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்ப வேண்டும். அதே 11 அணிகளுக்கு லீக் என்றால் 55 ஆட்டம். ஒரு நாளில் லீக் நடத்தலாம் என்று தலைமையாசிரியர் ஆசையாகச் சொல்லும்போது இந்த எண்ணைக் காட்டினால் போதும்.

சுகாதாரம்

பாடத்திட்டத்தில் சுகாதாரக் கல்வி ஒரு தாள்தான். அதை 'எளிதில் பாஸாகிவிடலாம்' என்று ஒதுக்குபவர்கள் பின்னால் வருந்துவார்கள். பள்ளியில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது உங்களைத்தான். இதயம் நின்றுபோனவருக்கான முதலுதவியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்பதைத் தாளில் எழுதி மார்க் வாங்கிப் பயனில்லை. பொம்மையை வைத்துக் கை வலிக்க அழுத்திப் பழகியிருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தப் பொம்மை இல்லையென்றால் செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் சேர்ந்துவிடுங்கள். நம் வெயிலில் வெப்பத்தாக்கு அடுத்த ஆபத்து. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பிள்ளை உளறத் தொடங்கினால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை காத்திராமல் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் "நான் நல்லா இருக்கேன் சார்" என்றாலும் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது.

பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வராததற்குச் சோம்பல் காரணமென்று ஆண் ஆசிரியர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ரத்தசோகை இருக்கலாம், மாதவிலக்கு வலி இருக்கலாம், உடைமாற்ற அறையே இல்லாமல் இருக்கலாம். உடற்கல்விக்குப் பெண்கள் அதிகம் வரவேண்டும் என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் நன்றாக உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பல பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு. அதிலும் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போவார்; திருப்பித் தந்ததாகச் சரித்திரமில்லை. ஆகவே உங்கள் கையில் கிடைக்கும் நாற்பது நிமிடத்தை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்பதில்தான் படிப்பின் பயன் தெரியும்.

நாற்பது பிள்ளை, இரண்டு பந்து

ஆசிரியப் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்பும்போது இதைத்தான் சோதிக்கிறார்கள். பாடத்திட்டம் எழுதி, பிள்ளைகளை வரிசைப்படுத்தி, உடலைச் சூடாக்கி, ஒரு திறனைக் கற்றுக்கொடுத்து, கடைசியில் ஒரு பொழுதுபோக்கு விளையாட்டோடு கலைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கைப்பந்துச் செர்வீஸ் கற்றுத்தருகிறேன் என்று நாற்பது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை முறை வந்து திரும்பவும் வருவதற்குள் மணி அடித்துவிடும். வரிசையைச் சின்னச்சின்னதாக உடைப்பது, பந்து இல்லாதவர்களுக்குப் பந்தில்லாத வேலை கொடுப்பது, யாரும் முப்பது நொடிக்கு மேல் சும்மா நிற்காமல் பார்ப்பது, இதுதான் கலை. கிளித்தட்டு, நொண்டி போன்ற ஆட்டங்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம், எல்லோரும் ஓடுவார்கள். கல்லூரியில் இவற்றைச் 'சிறு விளையாட்டுகள்' என்று ஓர் ஓரத்தில் வைத்திருப்பார்கள். நீங்கள் ஓரத்தில் வைக்காதீர்கள். உங்கள் ஊரிலும் பாட்டியிடமும் கேட்டு ஓர் ஐம்பது ஆட்டங்களை விதியோடு எழுதிவைத்துக்கொண்டால் வேலைக்குப் போன பிறகு தினமும் உதவும்.

குரல் இன்னொன்று. கட்டளையில் முன்னறிவிப்பும் செயல்சொல்லும் தனித்தனியே விழ வேண்டும். தொண்டையிலிருந்து கத்தினால் ஒரு மாதத்தில் குரல் போய்விடும்; வயிற்றிலிருந்து எடுங்கள். விசிலை அளவாக ஊதுங்கள். ஓயாமல் ஊதினால் பிள்ளைகள் அதைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

கல்லூரி முகாமைச் சுற்றுலா என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. கூடாரம் அடித்தல், சமையல் முறை போடுதல், இரவு நெருப்பைச் சுற்றிய நிகழ்ச்சி இவையெல்லாம் கூட்டத்தை நடத்தும் பயிற்சி. சோறு குறைந்த அன்று யார் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள்.

வேலை

மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. பதவிக்குப் பதவி தகுதி வேறு. அந்தந்த அறிவிக்கையில் உள்ளதே கணக்கு, சீனியர் சொன்னது அல்ல. கல்லூரி உடற்கல்வி இயக்குநராக முதுகலையில் 55 சதவீதமும், நெட் அல்லது செட் அல்லது முனைவர் பட்டமும் வேண்டும். அதோடு ஓடியும் காட்ட வேண்டும். 30 வயதுவரை உள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். பெரிய தூரம் இல்லைதான். ஆனாலும் பிஎச்.டி. எழுதி எழுதித் தொப்பை போட்டவர்களுக்கு அது பெரிதாகிவிடும்.

பயிற்சியாளர் ஆக விரும்புகிறவர்கள் பட்டத்தோடு நிற்கக் கூடாது. பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம்தான் அங்கே செல்லும் காசு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பணிகளுக்குக் கண் வைத்திருப்பவர்கள் முதலாண்டிலிருந்தே ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ஆடுகிறவர் நல்ல ஆசிரியராவார், பயிற்சியாளராவது கடினம்.

ஜிம், அபார்ட்மென்ட் குடியிருப்புகள், பெரிய நிறுவனங்களின் ஊழியர் நலப் பிரிவு ஆகியவற்றிலும் இப்போது வேலை கிடைக்கிறது. சம்பளம் இடத்துக்கு இடம் மாறும், பணிப் பாதுகாப்பு குறைவு. ஓர் எச்சரிக்கை: இந்தப் பட்டம் உங்களை இயன்முறை மருத்துவர் ஆக்காது. அதற்கு பி.பி.டி. படிக்க வேண்டும். மூட்டு வலிக்கு மருந்து சொல்வதும் புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தள்ளிவிடுவதும் உங்கள் வேலையல்ல. அதைச் செய்யச் சொல்லும் ஜிம் முதலாளியிடமிருந்து சீக்கிரம் விலகுங்கள்.

விண்ணப்பம் வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ப் பள்ளி பி.டி. ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் அவர்கூட மைதானத்தில் நில்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏழாவது நாளும் போக வேண்டும் என்று தோன்றினால் தைரியமாகப் பணம் கட்டலாம்.